ஊரையே பார்க்காத தில்லையாடி வள்ளியம்மை: 16 வயதுப் பெண்ணின் வாழ்க்கையை முடிவு செய்த காகிதங்கள் எவை?

மயிலாடுதுறை மாவட்டத்தில், தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது தில்லையாடி. நெல் வயல்கள் சூழ்ந்த காவிரிக் கடைமடைக் கிராமம். இந்த ஊரின் பெயரைத் தமிழ்நாடு முழுக்கத் தெரிய வைத்தவர் தில்லையாடி வள்ளியம்மை.

ஆனால் அவர் இந்த ஊரில் பிறக்கவில்லை. வளரவில்லை. ஒருமுறைகூட வந்து பார்த்ததும் இல்லை. 1898 பிப்ரவரி 22-ல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில் பிறந்தார். 1914 பிப்ரவரி 22-ல், சரியாகத் தன் 16-வது பிறந்தநாளில் இறந்தார்.

வள்ளியம்மை சிறைக்குப் போனதும் உயிர்விட்டதும் பள்ளிப் பாடத்திலேயே படித்த கதைதான். அந்தக் கதையில் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. அது காகிதம். பதிவுச் சான்றிதழ், வரி ரசீது, திருமணப் பதிவு, மாகாண எல்லையைத் தாண்ட அனுமதிச் சீட்டு. ஒருவர் எங்கே இருக்கலாம், அவருடைய அப்பா அம்மாவுக்கு நடந்தது கல்யாணமா இல்லையா என்பதையெல்லாம் அரசாங்கக் காகிதம்தான் முடிவு செய்தது.

இன்று அதே காகிதங்களை வைத்துத்தான் தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் தங்கள் பூட்டன் ஊர் எது என்று தேடுகிறார்கள். வள்ளியம்மையின் வாழ்க்கையை அந்தக் காகிதங்கள் வழியாகவே பார்க்கலாம்.

தமிழர்கள் எப்படி அங்கே போனார்கள்?

1860 நவம்பர் 16-ல் சென்னையில் இருந்து கிளம்பிய ட்ரூரோ என்ற கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. அதில் இருந்தவர்கள் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்காக ஒப்பந்தம் போட்டுக் கொண்டுவரப்பட்டவர்கள். அப்போது தொடங்கி, 1911-ல் இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தும் வரை 1,52,184 பேர் இப்படிப் போனார்கள். பெரும்பாலானோர் சென்னைக் கப்பல்களில் ஏறியவர்கள். தமிழும் தெலுங்கும் பேசியவர்கள்.

இவர்களைத் தவிர இன்னொரு கூட்டமும் உண்டு. சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து, வியாபாரம் செய்யவோ வேலை தேடியோ போனவர்கள். ஒப்பந்தம் முடிந்தவர்களில் பலரும், தங்கம் கிடைத்துக்கொண்டிருந்த டிரான்ஸ்வால் பக்கம் நகர்ந்தார்கள். ஜோகன்னஸ்பர்க் அப்படி வளர்ந்த நகரம்.

தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட முனுசாமி முதலியார் குடும்பம் வாழ்ந்ததும் அங்கேதான். பழமும் காய்கறியும் விற்கும் கடை வைத்திருந்தார் முனுசாமி. வள்ளியம்மை அவருடைய மகள். அம்மாவின் பெயர் சில நூல்களில் மங்களம், சிலவற்றில் ஜானகி. அப்பாவின் பெயரை எல்லோரும் ஒரே மாதிரி எழுத, அம்மாவின் பெயர் மட்டும் இடத்துக்கு இடம் மாறுகிறது. பழைய ஆவணங்களில் பூர்வீகம் தேடுகிற பல குடும்பங்களுக்கு இது பழகிப்போன சிக்கல்.

முதல் காகிதம்: 10 விரல் ரேகை

வள்ளியம்மை பிறந்தபோது டிரான்ஸ்வால், போயர்கள் ஆண்ட தனிக் குடியரசு. அங்கே 1885-லேயே 3-ம் எண் சட்டம் வந்துவிட்டது. ஆசியர்கள் அந்நாட்டின் குடியுரிமையைப் பெறவே முடியாது என்றது அது. வியாபாரத்துக்காக வந்து தங்குகிறவர்கள் கட்டணம் கட்டிப் பெயரைப் பதிய வேண்டும், ஒதுக்கிய இடங்களுக்கு வெளியே நிலம் வாங்கக் கூடாது என்றெல்லாம் விதிகள். அதாவது, அந்த மண்ணில் பிறந்த வள்ளியம்மை அந்த நாட்டின் குடிமகளாக ஆவதற்கான கதவு, அவர் பிறப்பதற்கு 13 வருடம் முன்பே சாத்தப்பட்டிருந்தது.

1902-ல் போர் முடிந்து டிரான்ஸ்வால் பிரிட்டிஷ் கைக்கு வந்தது. இந்தியாவில் இருந்து வந்தவர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள் ஆயிற்றே, இனி நிலைமை மாறும் என்று பலர் நம்பினார்கள். நடந்தது நேரெதிர். 1907-ல் ஆசியர் பதிவுச் சட்டம் வந்தது. 8 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு ஆசியரும் பதிவு செய்ய வேண்டும். பெரியவர்கள் 10 விரல்களின் ரேகையையும் கொடுக்க வேண்டும். போலீஸ் எங்கே கேட்டாலும் சான்றிதழைக் காட்ட வேண்டும். குற்றவாளிகளிடம் எடுப்பது போல ரேகை எடுக்கிறார்களே என்று கொதித்துப் போனார்கள் மக்கள்.

காந்தியின் அறப்போர் தொடங்கியது இந்தச் சட்டத்தை எதிர்த்துத்தான். 1908 ஆகஸ்ட் 16-ல் ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா மசூதி மைதானத்தில் 2,000-க்கும் மேற்பட்ட சான்றிதழ்களைத் தீயில் போட்டு எரித்தார்கள். அப்போது அதே நகரத்தில் வள்ளியம்மை 10 வயதுச் சிறுமி. அந்தப் போராட்டத்தில் பங்கேற்றவர்களில் அவருடைய அப்பா முனுசாமியும் ஒருவர்.

போராடியவர்களில் தமிழர்கள் எண்ணிக்கை அதிகம். விலையும் அதிகம். 1909 ஜூலையில் சாமி நாகப்பன் என்ற இளைஞர், சிறைக் குளிரில் நோய் கண்டு, விடுதலையான சில நாட்களில் இறந்தார். 1910-ல் சான்றிதழ் இல்லாதவர்களை அரசு நாடுகடத்தத் தொடங்கியது. போர்ச்சுக்கீசியர் வசம் இருந்த டெலகோவா விரிகுடா வழியாகக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அவர்களில் தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தவர்களும் உண்டு. பார்த்தே இராத நாட்டுக்கு அவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள்! சென்னையில் அவர்களைக் கவனித்துக்கொண்டவர் பதிப்பாளர் ஜி.ஏ.நடேசன். அவரும் தஞ்சை மாவட்டம் கணபதி அக்ரஹாரத்துக்காரர்தான்.

இரண்டாவது காகிதம்: 3 பவுண்டு ரசீது

நேட்டாலில் இன்னொரு சிக்கல். ஒப்பந்தம் முடிந்த தொழிலாளி ஊர் திரும்ப வேண்டும், அல்லது மறுபடி ஒப்பந்தத்தில் சேர வேண்டும். இரண்டும் இல்லாமல் சுதந்திரமாக அங்கேயே இருக்க நினைத்தால் வருடத்துக்கு 3 பவுண்டு கட்ட வேண்டும். 1895-ல் வந்த சட்டம் இது.

ஒப்பந்தத் தொழிலாளிக்குத் தொடக்கச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். 3 பவுண்டு என்றால் 60 ஷில்லிங். அதாவது அரை வருடச் சம்பளம். பிறகு பிள்ளைகளுக்கும் இந்த வரி நீட்டிக்கப்பட்டது. ஆண் பிள்ளைக்கு 16 வயதில் இருந்து, பெண் பிள்ளைக்கு 13 வயதில் இருந்து. வீட்டில் நாலு பேர் என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். வரியைக் கட்ட முடியாமல் மறுபடி தோட்டத்துக்கே போக வேண்டும் என்பதுதான் சட்டத்தின் நோக்கம்.

மூன்றாவது காகிதம்: கல்யாணப் பதிவு

1913 மார்ச் 14-ல் கேப் உச்ச நீதிமன்ற நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்பு சொன்னார். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, அரசிடம் பதிவாகாத திருமணங்களைத் தென்னாப்பிரிக்கச் சட்டம் அங்கீகரிக்காது என்பது அதன் சாரம்.

இந்து, முஸ்லிம், பார்சி குடும்பங்கள் அதிர்ந்தன. தாலி கட்டி, நிக்காஹ் செய்து பல வருடம் குடும்பம் நடத்திய பெண்கள் சட்டத்தின் பார்வையில் மனைவி இல்லை. பிள்ளைகளுக்கு வாரிசு உரிமை கேள்விக்குறி. இந்தியாவில் இருக்கும் மனைவியை அழைத்துவருவதும் சிக்கல். அதே வருடம் வந்த குடியேறிகள் ஒழுங்குமுறைச் சட்டம் கட்டுப்பாடுகளை இன்னும் இறுக்கியது. அதுவரை ஆண்கள் மட்டும் சிறை சென்ற போராட்டத்தில் பெண்களும் இறங்கியது இந்தக் கட்டத்தில்தான்.

15 வயதில் எல்லை தாண்டினார்

1913 அக்டோபர். டிரான்ஸ்வாலில் இருந்த இந்தியர்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் நேட்டால் மாகாணத்துக்குள் போகக் கூடாது. அந்த விதியை மீறவே கிளம்பினார்கள் பெண்கள். டிரான்ஸ்வாலில் இருந்து போன முதல் குழு நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களைச் சந்தித்துப் பேசியது. சுரங்கங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. அந்தப் பெண்கள் கைதாகி, 3 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார்கள்.

அவர்களுக்குப் பின்னால் போன இரண்டாவது குழுவில் வள்ளியம்மையும் அவருடைய அம்மாவும் இருந்தார்கள். அப்பா அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த நேரம். தாயும் மகளும் ஊர் ஊராகப் போய், 3 பவுண்டு வரி எவ்வளவு அநியாயம் என்று தொழிலாளர்களிடம் பேசினார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. 3 பவுண்டு வரி நேட்டாலுக்கு மட்டும் உரியது. ஜோகன்னஸ்பர்க்கில் கடை வைத்திருந்த குடும்பத்தை அது தொடவில்லை. தான் கட்ட வேண்டியிராத வரிக்காகத்தான் 15 வயதில் வள்ளியம்மை வீட்டை விட்டுக் கிளம்பினார்.

நவம்பர் 6-ம் தேதி காந்தியின் தலைமையில் பெரும் பேரணி தொடங்கியது. 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் நேட்டாலில் இருந்து டிரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடந்தார்கள். டிசம்பரில் வள்ளியம்மைக்கும் அம்மாவுக்கும் 3 மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. மாரிட்ஸ்பர்க் சிறை. மோசமான சாப்பாடு. துணி துவைக்கும் வேலை. உள்ளே போன கொஞ்ச நாளிலேயே காய்ச்சலில் விழுந்தார். முன்கூட்டியே விடுவிக்கிறோம் என்று சிறை நிர்வாகம் சொன்னபோது அதை ஏற்க மறுத்துவிட்டார்.

1914 ஜனவரியில் காந்திக்கும் அமைச்சர் ஸ்மட்ஸுக்கும் இடையே தற்காலிக உடன்பாடு வந்தது. விடுதலையாகி வந்த வள்ளியம்மையால் எழுந்திருக்க முடியவில்லை. காந்தி படுக்கையருகே போய்ப் பார்த்தார். சிறை சென்றதற்காக அந்தப் பெண் வருந்தவில்லை, திரும்பவும் போகத் தயாராக இருந்தார் என்பதைத் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். பிப்ரவரி 22-ல் உயிர் பிரிந்தது. ஜோகன்னஸ்பர்க்கின் பிராம்ஃபான்டெய்ன் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

கொடிக் கதை உண்மையா?

வள்ளியம்மை பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. பதிவு செய்துகொண்டு தென்னாப்பிரிக்கர் ஆகிவிட வேண்டியதுதானே, கொடிகூட இல்லாத இந்தியாவைப் பிடித்துக்கொண்டு ஏன் தொங்க வேண்டும் என்று ஓர் அதிகாரி கேட்டாராம். உடனே தன் புடவையைக் கிழித்து, அதில் இருந்த காவி, வெள்ளை, பச்சை நிறங்களைக் காட்டி இதுதான் கொடி என்றாராம்.

உணர்ச்சியான கதைதான். ஆனால் இரண்டு இடங்களில் இடிக்கிறது.

முதலாவது, காவி, வெள்ளை, பச்சை என்ற மூவர்ணத்தைக் காங்கிரஸ் ஏற்றுக்கொண்டது 1931-ல். வள்ளியம்மை இறந்து 17 வருடம் கழித்து.

இரண்டாவதுதான் முக்கியம். பதிவு செய்தால் தென்னாப்பிரிக்கர் ஆகலாம் என்ற வாய்ப்பே அன்று கிடையாது. அந்தச் சான்றிதழ் குடியுரிமைச் சான்று அல்ல. ஆசியர்களைக் கணக்கெடுத்துக் கண்காணிக்கும் சீட்டு. இந்தியக் குடியுரிமை என்ற ஒன்றும் அப்போது சட்டத்தில் இல்லை. அது அரசியல் சாசனத்தோடு 1949-50-ல் வந்தது. கதையில் வரும் வள்ளியம்மை இரண்டு நாடுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். நிஜ வள்ளியம்மைக்கு அப்படி ஒரு தேர்வை யாரும் கொடுக்கவே இல்லை. கதையைவிட நிஜம் கசப்பானது.

அவர் இறந்த பிறகு என்ன மாறியது?

1914 நடுவில் இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. 3 பவுண்டு வரி ரத்தானது. ஒரே மனைவி உள்ள இந்தியத் திருமணங்கள் அங்கீகரிக்கப்பட்டன. கைரேகை உள்ள நேட்டால் குடியிருப்புச் சான்றிதழ், அங்கே நுழைவதற்குப் போதுமான ஆதாரம் என்று ஏற்கப்பட்டது. அதே சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருந்தது: குடியிருப்பு உரிமையைக் கைவிடுகிறவர்களுக்கு இந்தியா போக இலவசக் கப்பல் பயணம். அரசுக்கு அவர்கள் இன்னமும் அந்நியர்கள்தான்.

1914 ஜூலை 15-ல் நாகப்பன், வள்ளியம்மை நினைவுக் கற்களைத் திறந்துவைத்தார் காந்தி. 3 நாளில் தென்னாப்பிரிக்காவை விட்டுக் கிளம்பினார். 1915-ல் தமிழ்நாட்டுக்கு வந்தபோது தில்லையாடிக்கும் போனார். மகள் பார்க்காமல் போன ஊரை, அவரோடு போராடியவர் வந்து பார்த்தார்.

இந்தியர்களைத் தங்கள் நாட்டின் நிரந்தர மக்களாகத் தென்னாப்பிரிக்க அரசு ஒப்புக்கொண்டது 1961-ல். எல்லோருக்கும் சமமான ஓட்டுரிமை வந்தது 1994-ல். வள்ளியம்மை இருந்திருந்தால் அப்போது அவருக்கு 96 வயது.

பூர்வீகம் தேடுகிறவர்களுக்கு இந்தக் காகிதங்கள் என்ன சொல்லும்?

அடக்குவதற்காக எழுதப்பட்ட ஆவணங்கள், வாரிசுகளுக்கு இப்போது துப்பு கொடுக்கின்றன.

• கப்பல் பட்டியல்: நேட்டாலுக்குப் போன ஒவ்வொரு ஒப்பந்தத் தொழிலாளிக்கும் ஓர் எண் கொடுக்கப்பட்டது. அந்த எண்ணோடு பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம் வரை எழுதிவைத்தார்கள். டர்பனில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையம் இந்தப் பட்டியலைக் கணினிக்குக் கொண்டுவந்திருக்கிறது.

• பதிவுச் சான்றிதழ், அனுமதிச் சீட்டுகள்: சொந்தச் செலவில் போனவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர் பட்டியலில் இருக்க மாட்டார்கள். அவர்களுக்கு இந்தக் கோப்புகள்தான் வழி. டிரான்ஸ்வால் கோப்புகள் பிரிட்டோரியாவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

• மரண அறிவிப்பு: சொத்துக் கோப்புகளோடு சேர்ந்து இருக்கும். இறந்தவரின் பெற்றோர், பிறந்த இடம், பிள்ளைகள் பெயர்கள் அதில் கிடைக்கும்.

• தமிழ்நாடு ஆவணக் காப்பகம்: சென்னை எழும்பூரில் இருக்கிறது. சென்னை மாகாண அரசின் பழைய கோப்புகள் இங்கே உள்ளன.

தேடும்போது இரண்டு விஷயங்களில் கவனம் தேவை.

ஒன்று, ஊர்ப் பெயர். இன்றைய மயிலாடுதுறை மாவட்டம் என்று தேடினால் எதுவும் கிடைக்காது. அந்த மாவட்டம் உருவானது 2020-ல். அதற்கு முன் 1991 முதல் அது நாகப்பட்டினம் மாவட்டம். அதற்கும் முன்னால் தஞ்சாவூர். ஆங்கிலேயர் எழுத்தில் தஞ்சாவூர் டாஞ்சூர், தரங்கம்பாடி டிராங்குபார், சீர்காழி ஷியாளி, மயிலாடுதுறை மாயவரம்.

இரண்டு, ஆள் பெயர். குமாஸ்தா காதில் விழுந்ததுதான் ஏட்டில் ஏறியது. முனுசாமி மூன்சாமி ஆனார். முதலியார் மூட்லி ஆனது, கவுண்டர் கோவெண்டர் ஆனது. தமிழ் வழக்கப்படி பெயரோடு சேர்த்த அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். வள்ளியம்மையின் பெயரே அன்றைய பதிவுகளில் வள்ளியம்மா ஆர். முனுசாமி முதலியார் என்றுதான் இருக்கிறது.

காகிதம் இல்லாவிட்டால்?

இது தென்னாப்பிரிக்காவோடு முடிகிற கதை அல்ல. 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், அப்பாவோ தாத்தாவோ அங்கே பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது. தேயிலைத் தோட்ட லயன்களில் பிறந்த பலருக்கு அந்தக் காகிதம் இல்லை. சுமார் 7 லட்சம் மலையகத் தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964-ல் போடப்பட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5.25 லட்சம் பேரை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது. ஆதாரம் இல்லாததால் நாடு மாறியவர்கள் தமிழ்நாட்டிலேயே நம் பக்கத்துத் தெருவில் இருக்கலாம்.

தில்லையாடியில் இருந்து அதிக தூரம் இல்லாத காரைக்காலில் கதை வேறு. பிரெஞ்சுப் பகுதிகள் 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புவோருக்கு 6 மாத அவகாசம் தரப்பட்டது. அன்று தாத்தா ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டாரா இல்லையா என்பது, இன்று பேரனின் பாஸ்போர்ட் நிறத்தை முடிவு செய்கிறது.

வெளிநாட்டுத் தமிழர்களுக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டைக்கும் இதே நிலைதான். தகுதியுள்ள இந்தியரின் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் வரை விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்த உறவுக்கு ஆவணம் காட்ட வேண்டும். அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விடுபட்டாலும் விண்ணப்பம் நின்றுவிடும்.

வள்ளியம்மைக்குத் தில்லையாடியில் நினைவு மண்டபம் இருக்கிறது. 2008-ல் அஞ்சல் தலை வெளியானது. எழும்பூரில் கோ-ஆப்டெக்ஸ் தலைமையகத்தின் பெயர் தில்லையாடி வள்ளியம்மை மாளிகை. வாழ்ந்த நாட்டில் எந்தக் காகிதமும் அவரைக் குடிமகள் என்று சொன்னதில்லை. பெயருக்கு முன்னால் ஊரை ஒட்டவைத்து, அவர் யார் என்று சொன்னவர்கள் இங்கே இருந்தவர்கள்தான். கடல் கடந்து போன எல்லோருக்கும் அந்த வாய்ப்பு அமையவில்லை. 1,52,184 பேரில் பலருக்கு மிச்சம் இருப்பது ஓர் எண்ணும், தப்பும் தவறுமாக எழுதிய ஓர் ஊர்ப் பெயரும்தான். உங்கள் வீட்டில் யாராவது பர்மா, மலேயா, இலங்கை, நேட்டால் என்று போயிருந்தால், அவருடைய அப்பா பெயரையும் ஊரின் பழைய பெயரையும் வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிவையுங்கள். எந்த ஆவணக் காப்பகத்திலும் தேடலைத் தொடங்க அவை இரண்டும் வேண்டும்.